மீன் குழம்பு, மோர், ஹிஸ்டமின்

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வீட்டில் மூன்று பேருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலைவலியும் வந்துவிட்டது. மீனுக்கு மேல் மோர் ஊற்றிச் சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் என் மாமியார். உண்மையா?”

மோர் மேல் தப்பில்லை. மீன் அலர்ஜியாகவும் இருக்காது. அலர்ஜி என்றால் ஒரே பந்தியில் மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் வருவது அபூர்வம். என் சந்தேகமெல்லாம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மேல்தான்.

புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் அதுவும் ஒன்று. அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டால், சிவப்பையும் அரிப்பையும் வீக்கத்தையும் கொண்டுவரும் ஹிஸ்டமின் கிடைக்கும். அவ்வளவு சின்ன மாற்றம்.

நம் உடம்பில் ஹிஸ்டமினைச் செய்து சேர்த்து வைப்பவை பெரும்பாலும் மாஸ்ட் செல்கள். தோலிலும் மூக்கிலும் குடலிலும் ரத்தக் குழாய்களை ஒட்டியே இருக்கும். 1878இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக், இவற்றுக்குள் மணிமணியாக அடைந்து கிடந்ததைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்றெண்ணி அந்தப் பொருளிலேயே ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார். உண்மையில் அந்த மணிகள் தின்றவை அல்ல. அவசரத்துக்கென்று கட்டி வைத்த ஹிஸ்டமின் மூட்டைகள்.

எறும்பு கடித்ததும் மூட்டை அவிழ்கிறது. சிறு தமனிகள் விரிகின்றன. இடம் சிவந்து சூடாகிறது. அடுத்து நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. நுண்சிரைகளின் உட்சுவரில் செல்கள் தரை ஓடுகள் மாதிரி இடைவெளி இல்லாமல் பதிந்திருக்கின்றன. ஹிஸ்டமின் பட்டதும் ஒவ்வொன்றும் லேசாகச் சுருங்குகிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடுக்கு விழுகிறது. அதன் வழியே ரத்தத்தின் நீரும் புரதங்களும் கசிந்து திசு வீங்குகிறது. நரம்பு முனை தூண்டப்பட்டு அரிக்கிறது. அழற்சியின் முதல் காட்சி இது. முன்கையில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: முதலில் சிவப்புக் கோடு, பிறகு சுற்றிலும் செம்மை, சிலருக்குக் கடைசியில் தடிப்பு. இந்த மூன்று படிகளையும் 1920களில் லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் பொறுமையாக ஆராய்ந்தார்.

இப்போது குழம்புக்கு வருவோம். சூரை ஓயாமல் நீந்தும் மீன். வேகமாக நீந்தும்போது தசையில் சேரும் அமிலத்தைத் தாங்கிக்கொள்ள ஹிஸ்டிடினை ஏராளமாக வைத்திருக்கிறது. செத்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக்கிவிடும். நாற்றம் வந்தே தீரும் என்றில்லை. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அசையாது. மாஸ்ட் செல்கள் கடமைக்காகச் செய்யும் வேலையை, அவற்றைக் கேட்காமலே குழம்பு செய்துவிடுகிறது. அயிலை, மத்தியிலும் இது நடக்கும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதும் பொய். நிறமி செல்களை உடலின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலமே அழிப்பதால் வருவது அது. இந்த நம்பிக்கை மேல் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு: பழியைத் தயிர் சுமக்கும் வரை ஐஸைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மீன் இறங்கும் இடத்திலேயே ஹிஸ்டமினைக் காட்டிக்கொடுக்கும் மலிவான சோதனைப் பட்டைகளுக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

அம்மா, அடுத்த முறை சூரை வாங்கும்போது செவுளை மட்டும் பார்க்காதீர்கள். கூடையில் ஐஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியதும் நேராக ஃபிரிட்ஜில் வையுங்கள். மோரைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம்.