மடுவத்தில் வரும் கணக்கு கொப்பியில் ஏன் வருவதில்லை?

"இவனுக்குப் படிப்பு ஏறாது மிஸ். கொழும்புக்குக் கடைக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம்." ஆறாந்தர மகனைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, கதிரையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியையாக இருக்கும் எனக்கு இது பழகிய வசனம். கொப்பியைத் திறந்தேன். 22இலிருந்து 4.5ஐக் கழிக்க வேண்டும். பையன் 22க்கு நேர் கீழே 45 என்பதுபோல் எழுதி, ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 23 என்று போட்டிருந்தான். கழித்த பிறகு கூடிப்போன விடை. சிவப்புப் பேனாவால் ஒரு பிழைக்குறி, அவ்வளவுதான்.

அதே எண்களை வேறு மாதிரி, அம்மா பறிக்கும் தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக் கணக்காகக் கேட்டேன். "அம்மா காலையில 7 கிலோ, பகல் 9, அந்திக்கு 6. ஒவ்வொரு நிறுவைக்கும் ஒன்றரைக் கிலோ கழிக்கிறாங்க. கடைசியில எவ்வளவு?"

சுவரைப் பார்த்தான். விரல்கள் துடையில் இரண்டு தரம் தட்டின. "பதினேழரை. அரைக் கிலோ குறையுது மிஸ், அரைப்பேருதான் போடுவாங்க."

அவர்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ. அம்மா சிரித்தார். "அது அவனுக்குத் தெரியும் மிஸ், மடுவத்துல கூடவே நிப்பான். கணக்கப்பிள்ளை எழுதுறதுக்கு முந்தியே சொல்லிடுவான்." அதுவும் கணக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1985இல் வெளியானது. வியாபார இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளைக் கடுதாசியில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஒரே பிள்ளைகள், ஒரே மூளை.

இதைப் பார்த்துவிட்டு "இவன் செய்து பழகும் ரகம்" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். நான் குத்தியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் பிள்ளைகளிடம் படிவம் கொடுத்து, பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று பிரித்து வகுப்பாசிரியர்களிடம் பட்டியலும் நீட்டினேன். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொன்னது எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. 'மக்கு' என்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் மரியாதையான பெயர் வைத்திருந்தேன், வேறொன்றும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஹவார்ட் கார்ட்னரையும் இதில் இழுப்பார்கள். 1983இல் அவர் மொழி, கணிதம், இசை, உடலியக்கம் என்று ஏழு வகை நுண்ணறிவுகளைச் சொன்னார். இயற்கையை இனங்காணும் அறிவைப் பிறகு சேர்த்தார். அவை கற்கும் பாணிகள் அல்ல என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். இந்த வகைகள் உண்மையிலேயே தனித்தனியானவையா என்று கேட்கும் உளவியலாளர்களும் உண்டு. (ஆசிரியர் பயிற்சியில் அந்த எட்டையும் நாங்கள் பாடமாக்கித்தான் பரீட்சை எழுதினோம். மற்ற ஏழு அறிவுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.)

எந்தப் பிள்ளைக்கும் உதவுவது எது? புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகப்படுத்திப் பார்ப்பது. லயத்து வரிசை வீடுகளில் விடியற்காலையில் எழுந்து சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். அது ஏறிவிட்டதுபோல இருக்கும். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ வாசிப்பதை விட்டு நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

பையனுக்கு நாங்கள் செய்தது சின்ன வேலை. கொப்பிக் கணக்கை முதலில் கொழுந்துக் கணக்காகச் சொல்வான், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஊகிப்பான், பிறகுதான் எழுதுவான். 23 என்று எழுதிய அன்றே, "22ல கழிச்சா 23 எப்படி மிஸ்?" என்று அவனே அழித்தான். புள்ளிக்கு நேர் புள்ளி வைக்க மூன்று வாரம் எடுத்தது. அதற்கிடையில் கண் பரிசோதனைக்கும் அனுப்பினேன். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அதை முதலில் செய்துவிட வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்ட அம்மா, உடனே குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எழுத்துக் கூட்ட வராதே மிஸ்."

"வாசிக்கத் தேவையில்லம்மா. ராவைக்கு அடுப்புக்கிட்ட புத்தகத்தை நீங்க வச்சுக்கங்க. இன்னைக்கு என்ன படிச்சேன்னு அவன் சொல்லட்டும். திக்குனா மட்டும் புத்தகத்தைக் கையில குடுங்க, பார்த்துட்டுத் திரும்ப உங்ககிட்டயே தரட்டும். திங்கக்கிழமை சொன்னதை வியாழக்கிழமை இன்னொருக்கா கேளுங்க."