பட்டை நிறம் மாறிவிட்டது, கிருமி செத்துவிட்டதா?

வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்கான லேபராஸ்கோப் கருவிகளைக் கிருமி நீங்க ஊறவைக்கும் தொட்டி அது. மூடியில் ஒட்டிய தாளில் கரைசல் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. 14 நாள் பயன்படுத்தக்கூடிய 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிகொல்லிக் கரைசல்; அன்று ஒன்பதாவது நாள். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்ற நிம்மதியில் கருவிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. கிருமிநீக்கப் பிரிவில் சேர்ந்து சில மாதங்களே ஆன நான், பழகிக்கொள்வதற்காகச் செறிவுச் சோதனைப் பட்டை ஒன்றை நனைத்துப் பார்த்தேன். வரவேண்டிய நிறம் வரவில்லை. பட்டைதான் பழுது என்று நினைத்து இன்னொன்றை நனைத்தேன். அதிலும் வரவில்லை.

காரணம் மிக எளியது. கழுவிய கருவிகளைத் துடைத்து உலர்த்தாமல், நீர் சொட்டச் சொட்டத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. உள்ளே குழல் உள்ள கருவி என்றால் இன்னும் அதிகம். கரைசலின் வீரியம், தயாரிப்பாளர் குறித்த கீழெல்லையைத் தாண்டி இறங்கிவிட்டது. பெரும்பாலான தயாரிப்புகளில் அந்த எல்லை 1 முதல் 1.5 சதவீதம். 14 நாள் என்பது அதற்கு மேல் போகவே கூடாது என்ற கெடு. அதுவரை கரைசல் வேலை செய்யும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. எத்தனை நாளாக அந்தத் தொட்டி வெறும் வாசனைத் தண்ணீராக இருந்தது என்று எங்களால் சொல்லவே முடியவில்லை. அந்த நாள்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அன்றிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்லிவருவது ஒன்றுதான்: கிருமிநீக்கம் செய்தோம் என்பது வேறு, கிருமி நீங்கியது என்பது வேறு. இரண்டாவதற்குச் சான்று வேண்டும்.

தீர்க்க வேண்டிய குழப்பம் இன்னொன்று இருக்கிறது. ‘இருபது நிமிடம் ஊறவைத்தோம், ஸ்டெரைல் ஆகிவிட்டது’, அதாவது கிருமி முழுதும் நீங்கிவிட்டது, என்று சொல்பவர்களை வாரம் ஒருமுறையாவது சந்திக்கிறேன். இல்லை. குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடத்திலிருந்து 45 நிமிடம்வரை, தயாரிப்பையும் வெப்பநிலையையும் பொறுத்து, கிடைப்பது உயர்நிலைத் தொற்றுநீக்கம். சாதாரணப் பாக்டீரியாவும் வைரஸும் காசநோய்க் கிருமியும் அதில் அழியும். சில பாக்டீரியாக்கள் உருவாக்கும், தடித்த உறைக்குள் உறங்கும் நுண்வித்துகள் எல்லாம் அழியும் என்று சொல்ல முடியாது. அவையும் அழிய அதே கரைசலில் சுமார் 10 மணி நேரம் கிடக்க வேண்டும். ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் அரை நூற்றாண்டுக்கு முன் வகுத்த பாகுபாடு இன்றும் எங்களுக்கு வழிகாட்டி: திசுவுக்குள்ளோ இரத்தத்துக்குள்ளோ நுழையும் கருவிக்கு முழுக் கிருமிநீக்கம், சளிச்சவ்வை மட்டும் தொடும் எண்டோஸ்கோப் போன்றவற்றுக்குக் குறைந்தது உயர்நிலைத் தொற்றுநீக்கம், தோலை மட்டும் தொடுவதற்கு அதற்கும் கீழ்நிலை போதும். லேபராஸ்கோப் வயிற்றுக்குள் போகிறது. அது எந்த வகை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேதிப்பொருளுக்குப் பலம் எவ்வளவு இருந்தாலும் அது தொட்ட இடத்தில்தான் கொல்லும். காய்ந்த இரத்தத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை அது தொடாது. அதைவிட மோசம், குளுட்டரால்டிஹைடு புரதத்தை இறுக்கி ஒட்டவைத்துவிடும். சரியாகக் கழுவாத கருவியை அதில் போடுவது அழுக்கைச் சீல் வைப்பதற்குச் சமம். மெல்லிய குழலுக்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அந்த இடம் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் நொதிக் கரைசல், தூரிகை, அல்ட்ராசோனிக் கழுவல், உலர்த்தல், பிரிக்கக்கூடிய கருவியைப் பிரித்துப் போடுதல் என்று இவ்வளவு நேரம் செலவிடுகிறோம். எடுத்த பிறகு கிருமிநீக்கிய நீரில் பலமுறை அலசவும் வேண்டும். மிஞ்சிய வேதிப்பொருள் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் அலசினாலோ, பட்ட பாடெல்லாம் அந்த நொடியே வீண்.

இவ்வளவு செய்தாலும் திரவ முறைக்கு ஒரு குறை உண்டு. கருவியை உறையிட்டு ஊறவைக்க முடியாது. ஆகவே வெளியே எடுத்ததும் அதன் தூய்மையைக் காக்கவும் வழியில்லை. கையால் ஊறவைக்கும் தொட்டியில், உள்ளே கிருமி செத்ததா என்று ஒவ்வொரு முறையும் உயிரியல் சோதனை வைத்துப் பார்க்கவும் நடைமுறை வழியில்லை. செறிவு, நேரம், வெப்பநிலை ஆகிய மூன்றையும் அளந்து எழுதிவைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஆகவே வெப்பத்தைத் தாங்கும் எந்தக் கருவியையும் நான் தொட்டிக்கு விடுவதில்லை. அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இருக்கும்போது அதுதான் முதல் தேர்வு. வெப்பம் தாங்காதவற்றுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயுவோ ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவோ மேல்.

இந்த இடத்தில் பிரேசிலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் 2006 ஆகஸ்ட் முதல் 2007 ஜூலைவரை 63 மருத்துவமனைகளில், லேபராஸ்கோப் போன்ற சிகிச்சைகளுக்குப் பின், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியா வகைத் தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. பிரித்தெடுத்துச் சோதித்த அந்தக் கிருமி 2 சதவீத குளுட்டரால்டிஹைடைத் தாங்கி உயிரோடு இருந்தது. செறிவு சரி, நேரம் சரி என்றாலும் தப்பிக்கும் கிருமி இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி எனக்குத் தெரியாது.

இனி வாயு முறைகளின் கண்காணிப்பு. பொட்டலத்தின் மேல் ஒட்டும் நாடா நிறம் மாறினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அந்த நாடா சொல்வது, ‘இந்தப் பொட்டலம் இயந்திரத்துக்குள் போய்வந்தது’ என்பதை மட்டும். உள்ளே வைக்கும் வேதிக் காட்டி இன்னும் கொஞ்சம் சொல்லும்: வாயு உறைக்குள் புகுந்ததா, நிபந்தனைகள் எட்டப்பட்டனவா என்று. இயந்திரத்தின் அச்சுப்பிரதி வெப்பம், அழுத்தம், நேரம் ஆகியவற்றைச் சொல்லும். இவை எதுவும் உயிரைச் சோதிக்கவில்லை. உயிரைச் சோதிப்பது உயிரியல் காட்டி மட்டுமே. கொல்வதற்கு மிகக் கடினமான நுண்வித்துகளைப் பத்து லட்சம் அளவில் ஒரு சிறு குழாயில் வைத்துக் கருவிகளோடு உள்ளே அனுப்புகிறோம். எத்திலீன் ஆக்சைடுக்குப் பாசில்லஸ் அட்ரோஃபேயஸ், பிளாஸ்மாவுக்கும் நீராவிக்கும் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ். வெளியே வந்ததும், வளர்வதற்கேற்ற சூடு தரும் இன்குபேட்டரில் வைத்து, வித்துகள் வளர்கின்றனவா என்று பார்க்கிறோம். வளர்ந்தால் கிருமிநீக்கம் தோல்வி. அதே தொகுதியிலிருந்து இயந்திரத்துக்குள் போகாத இன்னொரு குழாயையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அதில் வித்துகள் வளர வேண்டும். வளரவில்லை என்றால் வித்துகள் முன்பே செத்தவை. நம் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக் குழாயைச் சிக்கனம் என்று தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எத்திலீன் ஆக்சைடு சுற்று ஒன்று முடிந்தது. அச்சுப்பிரதி சரி, நாடா சரி. உயிரியல் காட்டியின் முடிவு வர 48 மணி நேரம் ஆகும். அவசரம் என்று பொருள்கள் அதற்குள் வார்டுகளுக்குப் போய்விட்டன. இரண்டாம் நாள் காலை குழாயின் நிறம் மாறியிருந்தது. வித்துகள் உயிரோடு இருந்தன. கடைசியாக நல்ல முடிவு வந்த சுற்றுக்குப் பின் வெளியே போன அத்தனை பொட்டலங்களையும் பதிவேட்டில் எண் பார்த்துத் தேடித் தேடித் திரும்ப வாங்கினோம். ஒன்று ஏற்கெனவே ஒரு நோயாளிக்குப் பயன்பட்டிருந்தது. மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னோம்; அவர் நோயாளியிடம் சொன்னார்; வாரக்கணக்கில் கவனித்தார்கள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இயந்திரத்தை ஆராய்ந்தபோது உள்ளே ஈரப்பதம் போதாமல் இருந்தது தெரிந்தது. வறண்ட வித்தை எத்திலீன் ஆக்சைடு எளிதில் கொல்லாது. சுமார் 40 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். அந்தச் சிறு இயந்திரம் ஈரப்பதத்தை அளக்கவே இல்லை. அளக்காததை எப்படி அச்சிடும்?

அந்த ஒரு பொட்டலம் யாரிடம் போனது என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு பொட்டலத்திலும் இயந்திர எண், சுற்று எண், தேதி ஆகியவற்றை எழுதி, அதையே நோயாளியின் கோப்பிலும் ஒட்டிவைத்த, உடன் வேலை பார்த்த ஒரு தங்கையின் பழக்கம். அவர் செய்ததை இன்று எங்கள் பிரிவில் எல்லோரும் செய்கிறோம். உடலுக்குள் நிரந்தரமாக வைக்கும் பொருள் உள்ள சுற்று எதுவானாலும், உயிரியல் காட்டியின் முடிவு பதிவேட்டில் ஏறும்வரை அலமாரி பூட்டியே இருக்கும். சாவி என்னிடம்.