கன்ட்ரி இசைக்கு 'நாட்டுப்புறம்' எதற்கு?

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்கொண்ட 'கன்ட்ரி' இசைக்குப் பேர்போன, நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். வானொலியைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். 'கன்ட்ரி ரேடியோ' என்பது தமிழ் சப்டைட்டிலில் முதலில் 'நாட்டு வானொலி' என்று வந்தது. ஏதோ அரசு வானொலி போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது 'நாட்டுப்புற இசை நிலையம்' ஆகிவிட்டது. இந்த 'நாட்டுப்புற இசை'யை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

'கன்ட்ரி'யின் வேர் லத்தீனில் 'எதிரே' என்று பொருள்படும் சொல். கண்ணெதிரே விரிந்த நிலம் என்பதிலிருந்து தேசம், கிராமப்புறம் என்று இரு பொருளும் வந்தன. நம் 'நாடு'ம் லேசுப்பட்டதல்ல. தேசமும் நாடுதான், புறநானூற்றில் ஔவையார் காட்டுக்கு எதிராக நிறுத்துவதும் நாடுதான். நாட்டுக்கோழியில் வரும் 'நாட்டு' வேறு ரகம். ஆக, 'நாட்டு வானொலி' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

சரி, 'நாட்டுப்புற இசை'க்கு என்ன குறை? அந்தப் பெயரை நாம் ஏற்கெனவே தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடவுப் பாட்டுக்கும் கொடுத்துவிட்டோம். அவற்றை எழுதியவர் யாரென்று தெரியாது. யாரும் காசு கேட்பதில்லை. கன்ட்ரி இசையோ பாட்டு எழுதியவர் பெயர், உரிமைத்தொகை, இசைத்தட்டு விற்பனை என்று வளர்ந்த தொழில். டபிள்யூ.எஸ்.எம்.மையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் அதைத் தொடங்கியது ஒரு காப்பீட்டு நிறுவனம். 'வி ஷீல்ட் மில்லியன்ஸ்' (We Shield Millions), அதாவது 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்ற அதன் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள்தான் நிலையத்தின் பெயர்! சனிக்கிழமை இரவு ஃபிடிலும் பாஞ்சோவும் ஒலிக்க, பாலிசியும் விற்றது. நம் ஊர் நடவுப் பாட்டுக்கு எந்தக் கம்பெனி காசு கொடுத்தது?

வேரில் நாட்டார் பாடல் உண்டு என்பீர்கள். உண்டு. அமெரிக்க இசைத்துறை இதழான 'பில்போர்ட்'டே 1944-இல் இந்த இசைத்தட்டுகளை 'ஃபோக்' (நாட்டார் இசை) என்ற தலைப்பில்தான் வரிசைப்படுத்தியது. 1949-இல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டது. அவர்களே கழற்றிப்போட்ட பெயரை நாம் எடுத்து மாட்டிவிடுகிறோம்.

50,000 வாட் ஆற்றல்கொண்ட அந்த நிலையம் இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்கும். பக்கத்து வீடு தூரத்தில் இருக்கும் பண்ணைக் குடும்பங்களுக்கும் சனிக்கிழமைக் கச்சேரி வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒருவகையில் ஊர்த்திண்ணை மாதிரிதான். அதற்காக 'திண்ணை இசை' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

நான் 'கன்ட்ரி இசை', 'கன்ட்ரி வானொலி' என்றுதான் எழுதுகிறேன். தனித்தமிழ் நண்பர்கள் கோபிப்பார்கள். 'வானொலி' போல அழகாக ஒரு சொல் அமைந்தால் நானும் வாங்கிக்கொள்வேன். ஜாஸை 'ஜாஸ்' என்றே விட்ட நமக்கு இதில் மட்டும் ஏன் அவசரம்?

அப்புறம், அந்த சப்டைட்டில்காரர் அந்த நிலையத்துச் சனிக்கிழமைக் கச்சேரியின் பெயரான 'கிராண்ட் ஓல் ஓப்ரி'யையும் விட்டுவைக்கவில்லை. 1927-இல் செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு, அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே ஓபராவைக் கேலிசெய்து பேச்சுவழக்கில் சிதைத்து வைத்த பெயர் அது. திரையில் வந்ததோ, 'மாபெரும் பழைய இசைநாடகம்'.