25 வீதமும் ஒரு சீதன உறுதியும்

போன வருடம் ஓர் இரவு கனடாவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள், சின்ன வயதிலேயே நாட்டை விட்டுப் போனவர். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்திருக்கிறார். லண்டனில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு 25 வீதம் ஒத்துப்போகிறது. ஒரே தகப்பனுக்கு வேறு தாயிடம் பிறந்தவராக இருக்கலாம் என்று அறிக்கை. “அப்பா எங்கள ஏமாத்திப் போட்டாரு அண்ணன்” என்று அழாக்குறையாகச் சொன்னார்.

நான் கேட்டது, “அந்தப் பிள்ளை என்ன குடி?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சாதி விசாரிக்கிறேன் என்று நினைத்திருப்பார். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ.யும் அப்படித்தான்: தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், மகள்மார் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். விசாரித்ததில் இருவரும் ஒரே குடி. அதை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆனால் தாய் பக்கத்தையும் தேடிப் பார்க்க அது போதும். அதுவரை தகப்பனோடு இதைப் பேச வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இதற்கு அவ்வளவு உதவாது. பாட்டனுக்கு அதில் இடம் உண்டு, அம்மம்மாவுக்கு இல்லை. பெயரின் முதலெழுத்தும் தகப்பனுடையது. ஆனால் இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், பெண்வழி காணி உறுதியில் (காணிப் பத்திரத்தில்) அப்படியே கிடக்கும். உறுதி எழுதும் நொத்தாரிசு வேலையில் இத்தனை வருடம் இருந்தும் இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அவருடைய அம்மாவின் உறுதியை எடுப்பித்தேன். எல்லை விபரத்தில், கிழக்கே ஒரு பெண்ணின் வளவு. அவருக்கும் அதே தகப்பன் பெயர். முந்தைய பதிவின் இலக்கத்தைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் தேடினால், அம்மம்மா ஒரே நாளில் இரண்டு மகள்மாருக்கு எழுதிக்கொடுத்த இரண்டு உறுதிகள். அக்காவும் தங்கையும் அண்ணனையும் தம்பியையும் கட்டியிருக்கிறார்கள். கிணற்றடிச் சண்டையில் பேச்சு நின்று, தங்கை குடும்பம் அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டது. “ஒரு சித்தப்பா இருந்தார், தொடர்பில்லை” என்பதுதான் கனடாத் தம்பிக்குத் தெரிந்தது. லண்டன் பெண் அந்தச் சித்தப்பாவின் மகள்.

சாதாரணமாக அண்ணன் தம்பி பிள்ளைகள் சராசரி 12.5 வீதம் பகிர்வார்கள். தாய்மாரும் சகோதரிகள் என்றால் அது 25 ஆகிவிடும், தகப்பன் மட்டும் ஒன்றான பிள்ளைகளுக்கும் அதே அளவுதான். வித்தியாசம் ஒன்று உண்டு: தாய்மாரும் சகோதரிகளான வகையில் சில இடங்களில் தாய் தந்த பிரதியும் தகப்பன் தந்த பிரதியும் இரண்டுமே ஒத்திருக்கும், தகப்பன் மட்டும் ஒன்றானதில் தாய்மார் உறவில்லாதவர்கள் என்றால் அப்படி இராது. தலைமுறை தலைமுறையாக மச்சான் மச்சாள் கலியாணம் நடக்கும் ஊர்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரியும்.

சொத்துப் பிரச்சினை வருமா என்றும் கேட்டார். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், 112ஆம் பிரிவு: சட்டப்படியான கலியாணம் நீடிக்கும்போது பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை என்றே கொள்ளப்படும், கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டுவது போன்ற வெகு சில வழிகளில்தான் அதை மறுக்கலாம். தபாலில் அனுப்பிய எச்சில் யாருடையது என்று நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒருநாள் அவர் அழைத்துக் கேட்டது ஒன்றே ஒன்று: கிணறு யாருடைய பக்கம்? இரண்டு உறுதியிலும் “கிணற்றில் அரைப்பங்கு” என்று எழுதியிருந்தது.