ஃபேசியா: உறை அல்ல, நார்

பின்தொடையைத் தடவிக்கொண்டே "நரம்பு இழுத்துப் பிடிக்குது" என்கிறோம். பல நேரம் அங்கே இழுப்பது நரம்பு அல்ல. தசையும், அதோடு பின்னிக் கிடக்கும் மெல்லிய வெண்படலமும்தான். அந்தப் படலத்துக்கு மருத்துவத்தில் ஃபேசியா என்று பெயர்.

இது லத்தீன் சொல். துணிப்பட்டை, கட்டுத்துணி என்று பொருள். கட்டு, கற்றை என்னும் பொருளுள்ள ஃபாஸ்கிஸ் இதன் உறவுச்சொல். 'ஃபாசிசம்' அதிலிருந்து கிளைத்ததுதான்.

தமிழில் தசையுறை என்றும் திசுப்படலம் என்றும் எழுதுகிறார்கள். தசையுறை எனக்கு ஒப்பவில்லை. உறை என்றால் கழற்றலாம்: வாளுறை, தலையணையுறை போல. ஃபேசியா அப்படிக் கழன்று வராது. தோலுக்கு அடியில் தொடங்கி, தசைக்குள் புகுந்து, ஒவ்வொரு இழைக்கற்றையையும் சுற்றி, நரம்பையும் ரத்தக்குழாயையும் உள்ளுறுப்பையும் தழுவி, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே வலையாக ஓடுகிறது. திசுப்படலம் தவறில்லை, ஆனால் உடம்பின் எந்தப் படலம்தான் திசுவால் ஆனதில்லை?

நான் நார்ப்படலம் என்றே எழுதுகிறேன். இது கொலாஜன் என்னும் புரதநாரால் நெய்யப்பட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பழந்தமிழில் நாருக்கு அன்பு என்றும் பொருள் உண்டு. குறள் 833-இல் வரும் 'நாரின்மை' அன்பில்லாமையைத்தான் சொல்கிறது. கட்டுவதும் நார், மனங்களைப் பிணைப்பதும் நார். லத்தீன்காரரின் கட்டுத்துணிக்கு இதைவிட நெருங்கிய சொல் நமக்கு வேண்டியதில்லை.

நார்ப்படலத்தின் வேலையை இப்போதே பார்க்கலாம். எழுந்து நின்று, பாதம் தரையில் பதிந்திருக்க, குனிந்து கால் பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். உள்ளங்காலின் வளைவு உயரும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் பாதநார்ப்படலம், உருளையில் சுற்றிய கயிறு போல இறுகுவதே காரணம். ஹிக்ஸ் என்பவர் 1954-இல் இதை விளக்கினார். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுரீரென்று குத்துமே, குதிகால் வாதம் என்போமே, அது பெரும்பாலும் இந்தப் படலத்தின் உபாதைதான்.

படல அடுக்குகளுக்கு இடையே ஹயலூரோனிக் அமிலம் வழுவழுப்பு தருகிறது. நெடுநேரம் அசையாமல் இருந்தால் அது கெட்டிப்பட்டு, வழுக்கிச் செல்லவேண்டிய அடுக்குகள் தயங்குகின்றன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதற்காக, உடற்பயிற்சிக்குப் பயன்படும் உருளைக்கட்டையால் படலத்தை அழுத்தி நீட்டிவிட முடியாது. தொடையின் வெளிப்புறப் படலத்தை 1% அமுக்கக்கூட மனித விசைக்கு மீறிய பலம் வேண்டும் என்கிறது 2008-இல் வெளியான ஒரு கணித ஆய்வு.

அப்படியானால் மெதுவாக அசைந்தால் ஏன் இலகுவாகிறது? படலம் முழுக்க உணர்நரம்பு முனைகள் இருக்கின்றன. நீளுவது படலம் அல்ல. உடம்பு தன் இறுக்கத்தை உணர்ந்து தளர்த்துகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விடை. அதனால்தான் எத்தனை முறை அசைந்தோம் என்ற எண்ணிக்கையைவிட, எங்கே இழுக்கிறது என்ற கவனம் முக்கியம் என்கிறேன்.

இப்படி உடம்பை மெதுவாக நீட்டி அசைப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: சோம்பல் முறித்தல். பூனை தூங்கி எழுந்ததும் செய்வது. பிள்ளைகள் செய்தால் அதட்டுகிறோம், அப்படி அதட்டக் கூடாது. நீங்களும் செய்யுங்கள், ஆனால் நிதானமாக. ஒரு கையை மேலே நீட்டி, இழுப்பு விலாவில் எங்கே தொடங்கி இடுப்பில் எங்கே அடங்குகிறது என்று கவனியுங்கள். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மூச்சுவிட்டுத் திரும்புங்கள்.