கொள்கலனுக்குள் இருந்த 300 யானைகள்

2019ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி. காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வந்து, சிங்கப்பூர் வழியாக வியட்நாமுக்குப் போகவிருந்த சரக்கை, சீனச் சுங்கத்துறை கொடுத்த தகவலின்பேரில் நம் சிங்கப்பூர் அதிகாரிகள் மறித்தார்கள். ஆவணத்தில் ‘மரம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே 8.8 டன் யானைத் தந்தமும் 11.9 டன் அழுங்குச் செதில்களும் இருந்தன. சிங்கப்பூரில் அதுவரை பிடிபட்ட தந்தக் குவியல்களில் அதுவே மிகப் பெரியது. ஏறக்குறைய 300 யானைகளைக் கொன்று எடுத்தது.

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தின் பக்கம் போகிறவர்கள் அடுக்கடுக்கான கொள்கலன் பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவதுதான் இந்தத் துறைமுகத்தின் பெரும் பிழைப்பு. எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்க எந்தத் துறைமுகத்தாலும் ஆகாது. கடத்தல்காரர்கள் நம்பியிருப்பது இதைத்தான். நேர்வழியில் போனால் சந்தேகம் வரும் என்பதால் இரண்டு மூன்று துறைமுகங்களைச் சுற்றவிடுகிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் காகிதம் மாறுகிறது. புறப்பட்ட ஊர் மறைந்துபோகிறது.

காகிதம் மறைத்ததைத் தந்தத்திலிருந்தே படித்தெடுக்கும் வேலைதான் வனவிலங்குத் தடயவியல். அதற்கென்றே 2021 ஆகஸ்டில் தேசியப் பூங்காக் கழகம் இங்கே தனி நிலையம் ஒன்றைத் தொடங்கியது.

முதல் வேலை, கையில் இருப்பது எந்த விலங்கினுடையது என்று சொல்வது. தந்தத்தைக் குறுக்கே அறுத்து வழவழப்பாகத் தேய்த்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் மெல்லிய கோடுகள் தெரியும். வலமிருந்து ஒரு கூட்டமும் இடமிருந்து ஒரு கூட்டமுமாக வளைந்து வந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பின்னல்போல் படரும். இவற்றுக்கு ஷ்ரெகர் கோடுகள் என்று பெயர். வெளிவிளிம்பை ஒட்டி இந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தை அளக்க வேண்டும். யானையில் சராசரியாக 100 பாகைக்கு மேல் விரிந்திருக்கும்; அழிந்துபோன மாமூத்தில் 100 பாகைக்குக் கீழே குறுகியிருக்கும். பிளாஸ்டிக்கிலோ எலும்பிலோ இந்தப் பின்னலே கிடையாது. மாமூத்தோடு ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சைபீரியாவின் உறைநிலத்திலிருந்து தோண்டியெடுக்கும் மாமூத் தந்தத்தை விற்க அனைத்துலகத் தடை இல்லை. அதனால் நேற்றுக் கொன்ற யானையின் தந்தத்தையும் மாமூத் என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள்.

அழுங்கு, அதாவது எறும்புத்தின்னியின் கதை வேறு. அதன் செதில் நம் நகம் ஆன அதே கெரட்டின்தான். மருந்தாகும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. உலகில் எட்டு வகை அழுங்குகள் உள்ளன: ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு. ஆசிய வகைகள் அருகிப்போன பிறகு வேட்டை ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. 2019 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் நைஜீரியாவிலிருந்து வந்த இரண்டு சரக்குகள் இங்கே பிடிபட்டன. முதலாவதில் 12.9 டன் செதில். 17,000 அழுங்குகள் என்று மதிப்பிட்டார்கள். ஜூலையில் பிடிபட்ட 11.9 டன்னுக்கோ கணக்கு ஏறக்குறைய 2,000 அழுங்குகள். எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், எண்ணிக்கையில் எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். வகுத்துப் பாருங்கள்: முதலாவதில் ஓர் அழுங்குக்குச் சுமார் 760 கிராம், ஜூலைச் சரக்கில் சுமார் 6 கிலோ. ஜூலையில் வந்தவை ராட்சத அழுங்கின் செதில்கள். இனம் எது என்று தெரியாமல் தராசை மட்டும் நம்பினால், எத்தனை உயிர் போயிற்று என்பதே தெரியாது.

இனம் தெரிந்துவிட்டது. எந்தக் காட்டில் கொன்றார்கள்?

2002 ஜூனில் மலாவியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஒரு கொள்கலனில் 6.5 டன் தந்தம் சிக்கியது: 532 முழுத் தந்தங்களும், ஜப்பானில் பெயர் முத்திரை செதுக்கப் பயன்படும் சிறு உருளைகள் 42,000க்கு மேலும். யானைகளைப் பல நாடுகளில் கொன்று சேர்த்திருப்பார்கள் என்றே புலனாய்வாளர்கள் முதலில் நினைத்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாசர் தலைமையிலான குழு அந்தத் தந்தங்களின் டிஎன்ஏவைப் படித்தது. 2007இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: அவை புல்வெளி யானைகள், கொல்லப்பட்டது பெரும்பாலும் சாம்பியாவில்.

தந்தம் பார்க்கக் கல்லைப்போல் இருந்தாலும் அது பல்தான். அதனுள் உயிரணுக்களின் எச்சம் சிக்கியிருக்கும். சாதாரணமாக அரைத்தால் அந்தச் சூட்டிலேயே டிஎன்ஏ சிதைந்துவிடும். ஆகவே ஒரு சிறு துண்டைக் மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனில் ஆழ்த்தி, அங்கேயே மாவாகப் பொடிக்கிறார்கள். பிறகு சுண்ணச்சத்தைக் கரைத்து நீக்கி, மிஞ்சும் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். முழு மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டியதில்லை. டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது யானைக்கு யானை மாறும். அப்படிப்பட்ட 16 இடங்களை எண்ணினால் அந்த யானைக்கே உரிய எண் வரிசை கிடைத்துவிடும்.

ஒப்பிட ஒரு வரைபடம் இல்லையென்றால் அந்த எண் வரிசையால் பயனில்லை. வரைபடம் உருவானது யானை லத்தியிலிருந்து! லத்தியின் மேற்பரப்பில் படிந்திருக்கும் சளிப்படலத்தில் குடலிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் இருக்கும். யானையை மயக்கவோ தொடவோ வேண்டாம்; அது போன பிறகு நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவின் 29 நாடுகளில், 71 இடங்களிலிருந்து இப்படி மாதிரிகளைத் திரட்டினார்கள். பக்கத்துப் பக்கத்துக் காடுகளில் வாழும் யானைகள் தமக்குள் கலப்பதால் அவற்றின் எண் வரிசைகள் ஒத்திருக்கும். தொலைவு கூடக்கூட வேறுபாடும் கூடும். பிடிபட்ட தந்தத்தை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், யானை இருந்த இடத்தை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடலாம். 2015இல் இந்த முறை, உலகெங்கும் பிடிபட்ட பெரிய தந்தக் குவியல்களில் பெரும்பகுதி இரண்டே வட்டாரங்களிலிருந்து வந்ததைக் காட்டியது. ஒன்று தான்சானியாவும் அதை ஒட்டிய மொசாம்பிக்கும். இன்னொன்று காபோன், காங்கோ குடியரசு, கேமரூன் சந்திக்கும் மழைக்காடு.

எப்போது கொன்றார்கள் என்ற கேள்விக்குப் பதில் வந்த வழிதான் எனக்குப் பெரும் வியப்பு. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் தந்த விற்பனை முழுவதும் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பு, அனைத்துலகத் தடைக்கு முந்தைய பழைய இருப்பு என்றால் விற்கலாம். ‘இது பழையது’ என்பதே உலகம் முழுக்க வியாபாரிகள் சொல்லிவந்த சாக்கு. அதைச் சோதிக்க வழிவிட்டது அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தின் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. 1963இல் அந்தச் சோதனைகளை நிறுத்தும் உடன்படிக்கை வந்த பிறகு அது ஆண்டுதோறும் சீராகக் குறைந்துவந்தது. செடி காற்றிலிருந்து எடுத்ததை யானை தின்கிறது. அது தந்தத்தில் படிகிறது.

தந்தம் வளர்வது வேரில்தான். கடலை விற்கும் கச்சாங் பூத்தேக்காரர் காகிதக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருப்பதுபோல், பழைய அடுக்குக்குள் புதிய அடுக்கு படிந்துகொண்டே போகும். நுனி யானையின் இளமை. அடிப்பக்கக் குழிவின் உட்சுவர் அது உயிரோடிருந்த கடைசி நாட்கள். அந்த உட்சுவரிலிருந்து சிறு துணுக்கைச் சுரண்டி கரிமம்-14ஐ அளந்தால் யானை இறந்த ஆண்டு தெரியும். ஒரே அளவு 1963க்கு முன் ஏறுமுகத்திலும் பின் இறங்குமுகத்திலும் வரக்கூடும் என்பதால், தந்தத்தில் இன்னோர் இடத்தையும் அளந்து எந்தப் பக்கம் என்று உறுதிசெய்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் துரே செர்லிங் குழு 2002க்கும் 2014க்கும் இடையில் பிடிபட்ட 14 பெரிய குவியல்களை இப்படிச் சோதித்தது. மிகப் பெரும்பாலான யானைகள், பிடிபடுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இறந்தவை. பழைய இருப்பு என்ற பேச்சு அதோடு பொய்யாயிற்று.

எது, எங்கே, எப்போது என்று அறிவியல் இவ்வளவு சொல்லியும் ‘யார்’ என்ற கேள்வியில்தான் எல்லாம் தடுமாறுகிறது. 2014இல் மடகாஸ்கரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஈட்டி மரக்கட்டைகள் 29,434 பிடிபட்டன. எடை 3,000 டன்னுக்கு மேல். என்ன மரம் என்பதில் வழக்கு நிற்கவில்லை. அது இங்கே இறக்குமதியான சரக்கா, கடந்துபோகும் சரக்கா என்பதில்தான் நின்றது. கடந்துபோகும் சரக்கு என்று சொல்லி 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2022இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது; தனிமனிதருக்கு ஆறாண்டுச் சிறை வரை இப்போது விதிக்கலாம்.

செம்மரக் கடத்தலில் சிக்கியவர்கள் யார் என்பது தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டின் ஏழைக் கூலிகள். கோடரி பிடித்தவன் செத்தான். அந்தக் கட்டையைக் கப்பலேற்றி விற்பவன் எந்தக் காட்டுக்குள்ளும் போவதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. காடும் அழிகிறது, காட்டோரத்து மனிதனும் அழிகிறான், நடுவில் இருப்பவன் முகம் தெரியாமல் வாழ்கிறான்.

அந்த முகத்தை நெருங்கும் வழியையும் தந்தமே காட்டியது. ஒரு யானைக்குத் தந்தம் இரண்டு. ஆனால் பிடிபடும் குவியல்களில் பாதிக்கு மேற்பட்ட தந்தங்களுக்கு ஜோடி இருப்பதில்லை. ஒரே யானையின் இரண்டு தந்தங்கள் வெவ்வேறு பெட்டிகளில் கிடைத்தால், இரண்டையும் அனுப்பியது ஒரே கை என்று பொருள். ஒரே துறைமுகத்திலிருந்து, சில மாத இடைவெளியில், இப்படிப் பிரிந்துபோன ஜோடிகளை வாசரின் குழு டிஎன்ஏ வழியாகச் சேர்த்தது. அதன் பலனாக 2018இல் கென்யாவின் மொம்பாசா, உகாண்டாவின் எண்டெபி, டோகோவின் லோமே ஆகிய ஊர்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கடத்தல் வலைகள் தெரியவந்தன.

2022இல் அவர்கள் குடும்பங்களையும் தேடத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. தாயும் மகள்களும் சகோதரிகளும் ஒரே கூட்டமாக வாழ்நாள் முழுவதும் சேர்ந்திருப்பார்கள். 49 குவியல்களின் 4,320 தந்தங்களை ஒப்பிட்டபோது, ஒரு கொள்கலனில் தாயும் ஆண்டுகள் கழித்து இன்னொன்றில் மகளும் என்ற வகையில் உறவுகள் வரிசையாக வெளிப்பட்டன. வேட்டைக்காரர்கள் அதே கூட்டத்தைத் தேடி மறுபடி மறுபடி போயிருக்கிறார்கள். தனித்தனி வழக்காகக் கிடந்தவை ஒரே வழக்காக இணைந்தன.

இதற்குத் தேவை, பிடிக்கும் ஒவ்வொரு துறைமுகமும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத் தருவது. 500 கிலோவோ அதற்கு மேலோ தந்தம் பிடிபட்டால் 90 நாட்களுக்குள் மாதிரிகளை ஆய்வுக்குத் தர வேண்டும் என்று அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் தீர்மானம் கேட்கிறது. 2020 ஆகஸ்டில் நாம் சிங்கப்பூரில் நொறுக்கி எரித்த தந்தம் 9 டன். நொறுக்கிய பிறகு எந்தத் தந்தத்தையும் அதன் ஜோடியோடு சேர்க்க முடியாது. ஆகவே நொறுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஆய்வகம் வர வேண்டும், எல்லாத் துறைமுகங்களிலும்.