ஐஸ் உருகினால்தான் காக்டெய்ல்

வீட்டில் விஸ்கி காக்டெய்ல் கலக்கும் பலருக்கு ஐஸ் என்றால் பயம். உருகினால் ருசி போய்விடும் என்று இரண்டு கட்டிகளைப் போட்டு, லேசாகக் கலக்கி, உடனே வடித்துவிடுவார்கள். கிடைப்பது அரைகுறையாகக் குளிர்ந்த, தொண்டையை எரிக்கும் ஒரு கலவை. உருகிவரும் தண்ணீர் காக்டெய்லைக் கெடுப்பதில்லை. அதுவும் அதில் சேரவேண்டிய ஒரு பொருள். 1806இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் வந்த ஒரு செய்தித்தாள், காக்டெய்ல் என்பதில் என்னென்ன சேரும் என்று வாசகருக்கு விளக்கியது: மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகைகள் ஊறிய கசப்புச் சாறு).

0 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் தேவை. உருகிய அந்த ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பம்தான் ஆகும். இத்தனை வெப்பத்தையும் ஐஸ் பானத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறது. 60 மில்லி விஸ்கியும் 30 மில்லி இனிப்பு வெர்மூத்தும் (மூலிகை மணமூட்டிய ஒயின்) சேர்ந்த மான்ஹாட்டன் என்ற காக்டெய்லை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் இருக்கும் இதை ஈர ஐஸை, அதாவது 0 டிகிரியில் உருகத் தொடங்கிய ஐஸை, கொண்டு -3 டிகிரிக்கு இறக்க, கணக்குப்படி 30 கிராம் அளவுக்கு ஐஸ் உருகவேண்டும். 32 சதவீதமாக இருந்த ஆல்கஹால் 24 சதவீதத்துக்கு வந்துவிடும். எரிச்சல் அடங்கி வாசனை மேலே வருவது இங்கேதான்.

அதெப்படி, 0 டிகிரி ஐஸ் பானத்தை -3க்கு இறக்கும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. சுத்தமான தண்ணீரில் கிடக்கும் ஐஸின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் பிரிந்துகொண்டே இருக்கும். தண்ணீரிலிருந்து வேறு மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கும். 0 டிகிரியில் இரண்டும் சமம். ஆல்கஹால் நடுவில் வந்துவிட்டால், ஐஸை வந்தடையும் நீர் மூலக்கூறுகள் குறைந்துபோகின்றன. பிரிவது மட்டும் அதே வேகத்தில் நடக்கிறது. ஆக, 0 டிகிரியிலும் ஐஸ் உருகுகிறது, அதற்கான வெப்பத்தைப் பானத்திலிருந்தே உறிஞ்சுகிறது, வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே சரிகிறது. ஐஸ்கிரீம் உறையவைக்க ஐஸில் உப்பைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

சின்னக் கட்டி போட்டால் தண்ணீர் ஆகிவிடும் என்பார்கள். அது பாதி உண்மை. சின்னக் கட்டிகளுக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் உருகும். ஆனால் அதே சீக்கிரத்தில் குளிரவும் வைக்கும். தொல்லை தருவது கட்டிகளின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈரம். அது குளிர்விக்காமல் நீர்க்க மட்டும் செய்யும். உதறிவிட்டுப் போடுங்கள், போதும். ஓல்ட் ஃபேஷண்ட் (விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் சேர்ந்தது) மாதிரி ஐஸோடு சேர்த்து மெதுவாகக் குடிக்கும் பானத்துக்கு மட்டும் ஒரே பெரிய கட்டிதான் நல்லது.

வாசனைக்கு வருவோம். விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமானவற்றில் குவாயகோல் என்ற மூலக்கூறும் ஒன்று. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017இல் இதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்தைத் தாண்டினால் குவாயகோலை ஆல்கஹால் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது. 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே, அதாவது நம் மூக்குக்குப் பக்கத்தில், வந்துசேர்கிறது. விஸ்கியில் இன்னும் எத்தனையோ மணப்பொருள்கள் உண்டு. எல்லாமே இப்படி நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

குளிர்ச்சி இனிப்பையும் மங்கவைக்கும். நாக்கின் சுவைச் செல்களில் இனிப்புச் செய்தியைக் கடத்த உதவும் டிஆர்பிஎம்5 என்ற புரதம் குளிரில் மந்தமாகிவிடுகிறது. அறை வெப்பநிலையில் ருசி பார்த்துச் சர்க்கரைப் பாகை அளந்தால், குளிர்ந்த பிறகு விஸ்கி சவர் (விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு சேர்ந்த காக்டெய்ல்) புளிப்பாகத்தான் இருக்கும்.

விஸ்கி சவரில் முட்டை வெள்ளை சேர்த்தால் முதலில் ஐஸ் இல்லாமலே ஷேக்கரில் குலுக்குங்கள். புரதங்கள் காற்றுக் குமிழ்களின் ஓரத்தில் சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குமிழ்களைத் தாங்கும் மெல்லிய சவ்வாகின்றன. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, அதனால் பாஸ்டராக்கிய, அதாவது மிதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய, வெள்ளையே பாதுகாப்பு. அப்புறம் ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கலாம். மான்ஹாட்டனைக் குலுக்காமல் கரண்டியால் கலக்குவதே என் விருப்பம். குமிழ்கள் நுழையாமல் கனமாக, பளிங்குபோல் நிற்கும்.

விருந்தினர்கள் வருகிறார்கள், முன்கூட்டியே பாட்டிலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஐஸ் தரவேண்டிய தண்ணீரை நீங்களே அளந்து ஊற்றவேண்டும்: மேலே சொன்ன மான்ஹாட்டனுக்கு ஒரு கோப்பைக்கு 30 மில்லி. பரிமாறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு பாட்டிலை ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். நீர் சேர்க்காத விஸ்கி -18 டிகிரியிலும் உறையாது. இந்தக் கலவையில் ஆல்கஹால் 24 சதவீதம்தான் என்பதால் ஐஸ் துகள்கள் கட்டத் தொடங்கிவிடும்.